புள்ளிக் கங்காணி

எங்கள் குடும்பத்தில் கைக்காசு செலவழிக்காமல் கடல் தாண்டிய முதல் ஆள் என் அம்மாவைப் பெற்ற தாத்தா. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மேல்தளத்தில் துண்டை விரித்துப் படுத்து, வானத்தையும் பக்கத்தில் வாந்தியெடுப்பவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே மலாயா வந்து சேர்ந்தார். டிக்கெட் இலவசம். 1907இல் ஏற்படுத்திய தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் ஆள் கணக்கில் வசூலித்து, தாத்தா மாதிரி ஆட்களுக்குக் கப்பல் கட்டணம் கட்டியது. வழியில் சோறும் இலவசம். இறங்கியதும் அம்மை, காலரா இருக்கிறதா என்று பார்ப்பதற்காக முகாமில் அடைத்து வைத்தார்களே, அந்தத் தங்கலும் இலவசம். பிறகு ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முதுகு வளையும்வரை பால் வெட்டினார். அதை யாரும் கட்டணம் என்று சொல்லவில்லை.

இரண்டாவது ஆள் நான். கிரெடிட் கார்டில் சேர்ந்த புள்ளிகளைக் கொண்டு, எங்கள் கல்யாணத்தின் வெள்ளிவிழாவுக்கு மனைவியை விமானத்தில் லங்காவிக்குக் கூட்டிப்போய், அறை வாசலிலேயே தனி நீச்சல் குளம் வைத்த ஹோட்டலில் தங்க வைத்தேன். நான் சொல்லும்போது இந்த வாக்கியத்துக்கு எழுவாய் 'நான்'. மனைவி சொல்லும்போது எழுவாய் மாறிவிடும். தகராறு முழுக்க அந்த எழுவாயில்தான்.

இலவசம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. தான் சே யான் என்ற மலாக்காச் சீனர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கர் அளவில் ரப்பர் நட்டார். இந்த நாட்டில் வியாபாரத்துக்காகப் போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அது. பிறகு புக்கிட் அசகானில் இன்னும் பெரிதாகப் போட்டார். அதற்கு முன்னால் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி, ரப்பர் விதையைச் சட்டைப் பையில் நிரப்பிக்கொண்டு பார்க்கிற தோட்டக்காரரிடமெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தார். இலவசமாகக் கொடுக்கிறாரே என்று சந்தேகப்பட்டு, பைத்தியக்கார ரிட்லி என்று பட்டம் வைத்து நகர்ந்தார்கள். வாங்கிப் போட்டவர் எங்கள் ஊர்க்காரர். இலவசமாக நீட்டினால் கை நீளும் பழக்கம் எங்கள் மாநிலத்துக்கு அப்போதே உண்டு.

எனக்கு நீட்டியது ஒரு தம்பி. மலாக்கா நகரத்துப் பேரங்காடியில், நகரும் படிக்கட்டு முடிகிற, தப்பிக்க வழியே இல்லாத இடத்தில் மேசை போட்டு நின்றார். "அங்கிள், கார்டு எடுத்தா லகேஜ் ஃப்ரீ." சக்கரம் வைத்த, ஆரஞ்சு நிறப் பெட்டி. நான் கார்டுக்காக நிற்கவில்லை, பெட்டிக்காகத்தான் நின்றேன். ஐசி நகல், சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை எல்லாம் கேட்டார். வருடத்துக்கு 24,000 வெள்ளியாவது சம்பாதித்தால்தான் கார்டு என்று 2011இல் பேங்க் நெகாரா விதி போட்டிருக்கிறது. 36,000 வரை வாங்குகிறவருக்கு இரண்டு வங்கிக்கு மேல் கார்டு கிடையாது. ஒவ்வொரு வங்கியும் மாதச் சம்பளத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கடன் வரம்பு தராது. நல்ல விதிதான். ஆனால் எங்கள் தோட்டத்துக் கடைக்காரர் வைத்திருந்த விதி இதைவிடக் கடுமை. "ஒங்க அண்ணன் போன மாசப் பாக்கியக் கட்டிட்டானா?" என்று ஒரே கேள்வி. அதில் தேறாதவன் சம்பளச் சீட்டைக் காட்டினாலும் கால்படி அரிசி நகராது.

அம்மாவுக்குக் கடன் என்றால் அந்தக் கடையின் 555 புத்தகம். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன நோட்டு, அட்டையில் மூன்று ஐந்து. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் அதில்தான் கடன் எழுதினோம். தேசிய ஒற்றுமைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு, அப்பாவின் சுருட்டு எல்லாம் மாதம் பூராவும் அதில் ஏறும். சம்பளத்தன்று கொஞ்சம் இறங்கும். முழுக்க இறங்கி யாரும் பார்த்ததில்லை. பாக்கி இல்லாத வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்று கடைக்காரருக்குத் தெரியும். தீபாவளிக்கு ஒரு காலண்டரும், மனசு வந்தால் ஒரு கொங் குவான் பிஸ்கட் டின்னும் தருவார். இன்றைக்கு வங்கி இதையே ஆங்கிலத்தில் பெயர் வைத்துச் செய்கிறது.

கார்டைக் காட்டியதும் அம்மா கேட்டது இதுதான்: "கடன் வாங்கறது நீ. அதுக்கு அவன் எதுக்குடா ஒனக்குப் பரிசு கொடுக்கறான்?"

விளக்கினேன். செலவு செய்தால் புள்ளி வரும், புள்ளி சேர்ந்தால் விமான டிக்கெட் வரும், ஹோட்டல் அறை வரும் என்றேன். அம்மா வெற்றிலையை மென்றபடி முழுக்கக் கேட்டுவிட்டு, "வீட்டுல செலவு பண்றது யாரு?" என்றார். எல்லாரும்தான் என்றேன். "புள்ளி யாரு பேருல?" என் பேரில் என்றேன்.

"தலைக்காசு" என்றார் அம்மா.

தாத்தா காலத்தில் கங்காணி ஊருக்குப் போய் ஆள் திரட்டி வருவார். கொண்டுவந்த ஆட்கள் காலையில் பெரட்டுக் களத்தில் வந்து நின்றால், பெரும்பாலான தோட்டங்களில் கங்காணிக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு 2 காசு. வேலை செய்கிறவனுக்குக் கூலி தனி; இது அவனை வேலைக்கு வரவைத்ததற்குக் கங்காணிக்கு முதலாளி கொடுக்கும் காசு. முப்பது பேர் நின்றால் 60 காசு. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் 58. அதனால்தான் லயத்து வாசலில் விடியுமுன்னே வந்து, "என்னப்பா, ஒடம்புக்கு என்னா?" என்று கங்காணி அவ்வளவு பாசமாக விசாரிப்பாராம். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்ததும் கங்காணியின் ஆள் திரட்டு நின்றுபோனது.

"நின்னுடுச்சா அத்தை?" என்று கேட்டுவிட்டு, மனைவி என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் கங்காணி.

பெயர் வைத்தது அநியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் மறைக்கப் போவதில்லை. புள்ளி சேர்க்கிறவனுக்கு உலகம் இரண்டாகப் பிரிந்துவிடும்: கார்டு வாங்குகிற இடம், வாங்காத இடம். ஜாசினில் கறிக்கடை, காய்கறிச் சந்தை, காடி பழுதுபார்க்கிற பட்டறை எல்லாம் வாங்காத இடம். பாசார் மாலாமில் இடியப்பம் விற்கிற அண்ணன்கூடத் துணியில் கியூஆர் கோடு ஒட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அதை ஸ்கேன் செய்தால் காசு வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போய்விடும், புள்ளி கிடையாது. "அண்ணே, கார்டு மெஷின் ஒண்ணு வைங்களேன்" என்றேன். "ரெண்டு இடியப்பத்துக்கா?" என்றார். பெட்ரோல், மின்கட்டணம், அரசாங்கத்துக்குக் கட்டுகிற கட்டணம் ஆகியவற்றுக்கு என் கார்டு புள்ளி தராது. மனுசன் தவிர்க்கவே முடியாத செலவு எதுவோ அதற்குப் புள்ளி இல்லை என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் விதி.

ஆக, தவிர்க்கக்கூடிய செலவைத் தேடிப் போகவேண்டும். நமக்கு வேண்டாம் என்றால் பிறருடையதை. உறவுக்காரர்கள் பத்துப் பேர் சாப்பிடப் போனால், கை கழுவி முடிப்பதற்குள் நான் கல்லாப்பக்கம் நிற்பேன். "நான் கட்டிடறேன், அப்புறம் ஆளுக்காள் குடுங்க." ஆரம்பத்தில் நல்ல மனுசன் என்றார்கள். சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு ஆயர் குரோ ஹோட்டல் மண்டபம், சாப்பாடு, அலங்காரம் எல்லாம் என் கார்டில் கட்டி, சித்தப்பாவிடம் ரொக்கமாக வாங்கிக்கொண்டேன். மொய்ப்பணக் கவரைப் பிரித்துப் பத்து வெள்ளி, ஐம்பது வெள்ளி நோட்டாக எண்ணிக் கொடுத்தார். தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் அட்சதை போட்டார்கள். நான் மனசுக்குள் ஒரு கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன்.

சாவு வீட்டிலும் நடந்தது. தூரத்து மாமா ஒருவர் தவறிவிட்டார். பெட்டி, வண்டி, பூ எல்லாம் ஏற்பாடு செய்பவர் வந்து பில்லை நீட்டினார். பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள், யாராவது பொறுப்பாக முன்வரத்தான் வேண்டும். முன்வந்து, கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான், "கார்டு எடுப்பீங்களா?" என்று கேட்டேன். ஒப்பாரி ஒரு கணம் நின்றது. எடுக்கமாட்டாராம். மனைவி கூட்டத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில் ஆயர் குரோ சமிக்ஞை விளக்கு தாண்டும்வரை பேசவில்லை. பிறகு, "கங்காணிகூட செத்தவன் தலைக்குக் காசு கேக்கமாட்டான்" என்றாள்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் எனக்கு முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவில் ஒரு விமான நிறுவனம் 1981இல் பறந்த மைலுக்குப் பரிசு என்று ஆரம்பித்தது; மற்ற நிறுவனங்களும் பின்னாலேயே ஓடிவந்தன. 1999இல் கலிபோர்னியாவில் டேவிட் பிலிப்ஸ் என்ற பொறியாளர், ஒரு உணவுக் கம்பெனியின் அட்டைகளை அனுப்பினால் விமான மைல் தருவதாக விளம்பரம் பார்த்தார். அந்தக் கம்பெனிப் பொருள்களிலேயே மலிவானது எது என்று தேடி, புட்டிங் என்று கண்டுபிடித்து, 12,150 கிண்ணம் புட்டிங் வாங்கினார். செலவு 3,140 டாலர். கிடைத்தது பன்னிரண்டரை லட்சம் மைல். லேபிளை உரிக்க நேரமில்லாததால் புட்டிங்கை ஒரு தர்ம அமைப்புக்குத் தானமாகக் கொடுத்து, அவர்களையே உரித்துத் தரச் சொன்னார். அந்தத் தானத்துக்கு வருமான வரியில் கழிவும் வாங்கினார். இந்த வரலாற்றை நான் வீட்டில் உணர்ச்சியோடு சொல்லி முடித்தபோது மனைவி கேட்டாள்: "அவரு பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலையா?" வரலாற்றாசிரியர்கள் முக்கியமானதைக் குறித்துவைப்பதில்லை.

புள்ளி எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் நான் தெளிவாகத் தெரிந்துவைத்திருந்தேன். தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறவனுக்கு அது கூடத் தெரியவில்லை என்றால் எப்படி? கார்டைத் தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் தன் விற்பனையில் ஒரு சிறு பங்கை வங்கிப் பக்கம் விட்டுக்கொடுக்கிறார். அது ஒரு ஊற்று. இன்னொரு ஊற்று, பாக்கி வைக்கிறவர். வட்டி வருடத்துக்கு 15 முதல் 18 விழுக்காடு. 1,000 வெள்ளி பாக்கி நின்றால் 18 விழுக்காட்டுக்கு மாதம் 15 வெள்ளி. அந்த ஆயிரம் வெள்ளிச் செலவுக்கு என் கார்டு தருகிற புள்ளியைக் காசாக்கினால் ஐந்து வெள்ளி தேறாது. அதாவது ஒரு மாதம் தவறுகிறவர், மூன்று மாதம் ஓடி ஓடிச் சேர்த்த புள்ளியை வங்கிக்கே திருப்பித் தந்துவிடுகிறார். குறைந்தது 5 விழுக்காடு கட்டினால் போதும் என்று மாத அறிக்கையில் அன்பாகப் போட்டிருப்பார்கள். அந்த அன்பில் சிக்கியவர்களுக்காக பேங்க் நெகாரா 2006இல் ஏ.கே.பி.கே என்று ஒரு கடன் ஆலோசனை அமைப்பையே வைக்க வேண்டியிருந்தது. என் லங்காவி அறையில் யார் யாருடைய வட்டியோ கலந்திருக்கிறது. நீச்சல் குளத்தில் இறங்கும்போது அந்த முகம் தெரியாத புண்ணியவான்களை நினைத்துக்கொண்டேன்.

"இதுக்கு நான் புடிச்ச கூட்டே தேவல" என்பது அம்மாவின் கருத்து. மாதாமாதம் லயத்துப் பெண்கள் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வருகிறவர் மொத்தமாக எடுத்துக்கொள்கிற கூட்டு. எங்கள் அக்காவின் காதுத்தோடு, என் சைக்கிள், வீட்டின் முதல் தொலைக்காட்சி எல்லாம் கூட்டில் வந்தவை. கூட்டு நடத்துவதை 1971இலேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

புள்ளி போதுமான அளவு சேர்ந்ததும் அடுத்த கட்டம், அதைச் செலவழிப்பது. பரிசுப் பட்டியலில் ரைஸ் குக்கர் இருந்தது, எண்ணெய் இல்லாமல் பொரிக்கிற அடுப்பு இருந்தது, மறுபடியும் ஒரு சக்கரப் பெட்டி இருந்தது. "இந்தப் புள்ளிக்கு எத்தன ரைஸ் குக்கர் வரும்?" என்று மனைவி விசாரித்தாள். ஒரு சிறிய கல்யாண மண்டபத்துக்குத் தேவையான அளவு வரும். நான் அசையவில்லை. கல்யாணமாகி கேமரன் மலைக்குப் பேருந்தில் போய், பாதி வழியில் அவளுக்குத் தலைசுற்றி, ஒரு மருந்துக்கடை வாசலில் தேன்நிலவு கழிந்த தம்பதி நாங்கள். அதற்கப்புறம் போர்ட் டிக்சன் கடற்கரை, பினாங்குத் தைப்பூசம், பிள்ளைகளின் பள்ளிச் சுற்றுலாவுக்கு உடன்போனது என்றுதான் எங்கள் உல்லாசம். மலாக்காவில் குடியிருப்பவருக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. 2008இல் யுனெஸ்கோ நகரத்தைப் பாரம்பரியத் தலமாக்கியதிலிருந்து, ஊர் உலகமெல்லாம் விடுமுறைக்கு எங்கள் ஊருக்குத்தான் வருகிறது. பூவும் பொம்மையும் ஜோடித்த டிரைஷாக்கள் ஸ்பீக்கரில் அலறிக்கொண்டு சுற்றுகின்றன. சனி ஞாயிறில் ஜாசின்காரன் மருந்து வாங்கக்கூட நகரத்துக்குள் போவதில்லை. அடுத்தவர் உல்லாசத்தால் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பவனுக்கு ஒரு தடவையாவது வேறு ஊருக்குப் போய் அந்த ஊர்க்காரனை அடைத்துவைக்க ஆசை இருக்காதா?

எங்கள் கல்யாண நாள் தை மாதம். தை மாதத்தில் புள்ளிக்கு இருக்கை இல்லை. மாசியில் இல்லை. பங்குனியில் அறை இருந்தது, விமானம் இல்லை. சித்திரையில் விமானம் இருந்தது, அறை இல்லை. புள்ளிக்கென்று ஒதுக்குகிற இருக்கைகள் கொஞ்சம். காசு கொடுத்து வாங்க யாரும் வரமாட்டார்கள் என்று தெரிகிற தேதியில்தான் அவை தாராளமாகத் திறக்கின்றன. திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். போகவும் வரவும் இருக்கை, கடலைப் பார்த்த அறை, எல்லாம் ஒன்றாகப் பச்சை விளக்கு எரிந்த இடம் ஆடி மாதம். அதிலும் புறப்பாடு அஷ்டமியன்று. தமிழ்ப் பஞ்சாங்கம் படித்த யாரோ ஒருவர் விமானக் கம்பெனிக் கணினிக்குள் உட்கார்ந்திருப்பதாக எனக்குப் பலத்த சந்தேகம்.

மாமியார் மெர்லிமாவிலிருந்து போன் போட்டார். "ஆடியில புருசன் பொண்டாட்டி சேந்து ஊருக்குப் போறதா மாப்பிள? ஊர்ல என்னா சொல்லுவாங்க?" மூத்த மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற வயதில் ஆடிக்குப் பயப்பட என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. புள்ளி மூன்று வருடத்தில் காலாவதியாகும், புரட்டாசிக்குள் பாதி போய்விடும் என்றேன். காலாவதி என்றதும் மாமியார் அடங்கிவிட்டார். சாமிக்குப் பயப்படாதவர்கூட அந்தச் சொல்லுக்குப் பயப்படுவார். தெருவில் கோயிலும் மசூதியும் சீனக் கோயிலும் வரிசையாக நிற்கிற தங்கவேலைக்காரர் தெருவுக்குப் போய், 1781இல் மலாக்காச் செட்டிகள் கட்டிய பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்புங்கள் என்று சமாதானமானார். தேங்காய்க்குக் கார்டு எடுக்கவில்லை. நான் கேட்கவுமில்லை.

கிளம்பினோம். இலவசமாக வந்த ஆரஞ்சுப் பெட்டிக்குள் மனைவி வைத்தவை: பட்டுச்சேலை ஒன்று, நெத்திலி சம்பல் ஒரு டப்பா, மேகி, இரண்டு கிலோ அரிசி, சின்ன ரைஸ் குக்கர். ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கு ரைஸ் குக்கரா என்றேன். "நீங்க ஒங்க புள்ளிய எடுத்துக்கிட்டு வாங்க, நான் என் குக்கர எடுத்துக்கிட்டு வரேன்" என்றாள்.

ஹோட்டலில் ஈரத்துண்டும் செரை போட்ட குளிர்ந்த பானமும் கொடுத்தார்கள். "இது மீன் குழம்புக்குப் போடறது இல்ல?" என்று ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் தள்ளினாள். அறையில் துண்டைச் சுற்றி இரண்டு அன்னம் செய்து, கழுத்தோடு கழுத்து சேர்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் வாழ்த்து அட்டை. அதில் திருமண நாள் வாழ்த்து என்று போட்டு, என் பெயர் மட்டும் எழுதியிருந்தது. பதிவுச் சீட்டை அவள் எடுத்துப் பார்த்தாள். உறுப்பினர்: நான். உடன் வருபவர்: ஒருவர்.

"உடன் வருபவரா?" என்றாள்.

கைப்பையிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்தது அப்போதுதான். அது இன்னும் விற்கிறது என்பதே எனக்குத் தெரியாது. கார்டு வந்த மாதத்திலிருந்து வீட்டுக்கு வாங்கிய அரிசி, பால்மாவு, பிள்ளைகளின் புத்தகம், அவள் வேலை பார்க்கிற பாலர் பள்ளிக்கு வாங்கிய வண்ணப் பென்சில் வரைக்கும், எந்தக் கடை, எவ்வளவு என்று குட்டிக் குட்டி எழுத்தில். கூட்டிக் கீழே கோடு போட்டிருந்தாள். பத்துப் புள்ளியில் எட்டு அவளுடையது. ஒன்று சித்தப்பாவுடையது. மிச்சம் ஒன்று எனக்கு, அதுவும் காடி டயர் மாற்றியது. கணக்குப் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில் சரிபார்த்தேன். பிழை இல்லை. அதனால் பேச்சை மாற்றி, நீச்சல் குளம் எவ்வளவு அழகாக இருக்கிறது பார் என்றேன்.

குளத்தில் நான் இறங்கினேன். அவள் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டு, "இந்தத் தண்ணிய மாத்துவாங்களா?" என்று கேட்டாள். சோற்றை வடித்து, நெத்திலி சம்பல் டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். குரங்கு வரும், உணவை வெளியே வைக்காதீர் என்று அறையில் எழுதி வைத்திருந்ததை நான் படித்துக் காட்டியிருந்தேன். வந்தது. கூரையிலிருந்து இறங்கி, சாவகாசமாக நடந்து, டப்பாவில் கைவைத்தது. ஹோட்டல் பையன் தடியோடு ஓடிவருவதற்குள், தோட்டத்தில் வளர்ந்த என் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு அதட்டல் போட்டாள். குரங்கு டப்பாவை வைத்துவிட்டுப் போனது. நானும் குளத்திலிருந்து வெளியே வந்துவிட்டேன், ஏனென்று தெரியவில்லை.

காலையில்தான் தெரிந்தது, புள்ளிக்குக் கிடைத்தது அறை மட்டும்; காலைச் சாப்பாடு அதில் சேராது. "எவ்வளவு?" என்றாள். தலைக்கு நூறு வெள்ளிக்கு மேல் என்றேன். "தலைக்கா?" என்று அவள் இழுத்த இழுப்பில் மூன்று தலைமுறைச் சரித்திரம் இருந்தது. ரைஸ் குக்கரில் மேகி வேகவைத்து, கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மசூரியின் கல்லறையைப் பார்த்தோம். செய்யாத தப்புக்குக் கொல்லப்பட்ட அந்தப் பெண், லங்காவி ஏழு தலைமுறைக்குத் தழைக்காது என்று சபித்ததாகக் கதை. அங்கிருந்த பலகையை நிதானமாகப் படித்துவிட்டு, "ஒங்க புள்ளி மூணு வருசம். பொம்பள சாபம் ஏழு தலமொற" என்றாள். பிறகு குவா நகரம். 1987இலிருந்து லங்காவி வரியில்லாத் தீவு; மலேசியக் குடும்பம் ஒன்று அங்கே போய் சாக்லேட்டும் பீங்கான் தட்டும் வாங்காமல் திரும்பினால் ஊரில் நோய் என்று நினைத்துக்கொள்வார்கள். அக்காவுக்குத் தட்டு, மாமியாருக்குக் கண்ணாடிச் சட்டி, அம்மாவுக்குக் குடை, பாலர் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சாக்லேட். எல்லாக் கடையும் கார்டு வாங்குகிற கடை. உல்லாசப் பயணத்தின் உச்சக்கட்டம் எனக்கு அந்தத் தெருதான். ஒவ்வொரு பில்லையும் நான் கட்ட, ஒவ்வொன்றையும் அவள் 555இல் எழுத, தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு விமானமேறினோம். மேகம் தாண்டியதும் அவள் கூட்டிப் பார்த்தாள். டோல், விமான நிலையத்தில் காடி நிறுத்தியது, டிக்கெட்டுக்கு மேல் கட்டிய வரி, தட்டு, சட்டி, சாக்லேட். இலவசப் பயணத்தின் விலை என்று தலைப்புப் போட்டு, இரண்டு கோடு இழுத்தாள். தொகையை இங்கே எழுத அனுமதி இல்லை.

ஊர் திரும்பிய மாதமே அவள் அதே பேரங்காடிக்குப் போனாள். அதே நகரும் படிக்கட்டு, அதே மேசை, வேறு தம்பி. துணைக் கார்டு வேண்டுமா ஆன்ட்டி, அங்கிள் கணக்கிலேயே தரலாம் என்றாராம். பாலர் பள்ளிச் சம்பளச் சீட்டை எடுத்துப் போட்டு, முதன்மைக் கார்டு தன் பேரில் வாங்கினாள். வருடத்துக்கு 25 வெள்ளி சேவை வரி வரும் என்று நான் எச்சரித்தேன். "தெரியும்" என்றாள். இப்போது அரிசி, பால்மாவு, பென்சில் எல்லாம் அந்தக் கார்டில். என் கார்டுக்கு டயர் மட்டும். வீட்டில் பச்சை நிறத்தில் இன்னொரு பெட்டி நிற்கிறது.

அக்கா மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போயிருந்தோம். மேலாளர் முன்பணம் கேட்டார். நான் பின்பாக்கெட்டில் கைவைப்பதற்குள் மனைவி தன் கார்டை நீட்டிவிட்டாள். வெளியே வந்து காடிக் கதவைத் திறந்தபடி சொன்னாள்:

"அண்ணிகிட்ட காச நீங்களே வாங்கி, என் கணக்குல போட்டுடுங்க. ரொக்கமா வேணாம், எண்ணிக்கிட்டு ஒக்கார எனக்கு நேரமில்ல."